குழாயடிக் கல்

ஸ்ரீராம்புரத்தில் எங்கள் தெரு அம்மன் கோயிலுக்கு ஒன்பது படி. உள்ளே தரையில் நாற்பத்திரண்டு கல், சுவரில் பதினொன்று. எல்லாவற்றிலும் பெயர் வெட்டியிருக்கும். தினக்கூலிக்குப் போனவர்கள், இறந்துபோன பிள்ளைக்காகவோ பெற்றவர்களுக்காகவோ உபயமாகக் கொடுத்தவை. படியையும் தரையையும்தான் பெரும்பாலும் கேட்பார்கள். கும்பிட வருகிறவர்களின் பாதம் பட்டால் போன உயிருக்கு நல்லது என்று நம்பிக்கை.

ஆறு வயதில் காய்ச்சலில் போன எங்கள் மகளுக்கும் ஒரு கல் கொடுத்தோம். மனைவி படியில் போடச் சொன்னாள். நான்தான் ஒப்பவில்லை. "எம்பொண்ணு பேரை ஊரே மிதிக்கணுமா?" என்று சண்டைபோட்டு, சுவரில் என் தோள் உயரத்தில் பதிக்கச் செய்தேன். மூன்று வரி, முப்பத்தேழு எழுத்து. மனைவி அந்தச் சுவர்ப் பக்கம் திரும்பியதே இல்லை.

இந்த வருடம் சுவருக்கு டைல்ஸ் ஒட்டுகிறார்கள் என்று கேள்விப்பட்டு ஓடினேன். ஏழு கற்கள் ஏற்கெனவே உடைந்து சாக்கில் கிடந்தன. எங்களுடையது எட்டாவது.

"அதை மட்டும் உடைக்காம எடுத்துடுங்க மேஸ்திரி."

"சிமெண்டுல புடிச்சிருக்கு பெரியவரே. முழுசா வந்தா உங்க அதிர்ஷ்டம். அது சரி, வந்ததுலேர்ந்து எண்ணிக்கிட்டே நிக்கிறீங்களே, கான்ட்ராக்டர் அனுப்பின ஆளா?"

மூலை மட்டும் உடைந்து, கல் வந்தது. எழுத்துகளை எண்ணினேன். முப்பத்தேழும் இருந்தன.

இனி எங்கே பதிக்கலாம் என்று கேட்டதற்குக் கோயில் கமிட்டிக்காரர் உதட்டைப் பிதுக்கினார். "படி, தரை எல்லாம் ஃபுல் சார். கால் கழுவுற குழாய்க்கிட்ட ஒரே சேறு. அங்க வேணா போடலாம்."

எனக்கு வாதாடத் தெம்பில்லை. வீட்டுக்குப் போன் செய்து மனைவியிடம் சொன்னேன்.

"எழுத்து மேல பாத்த மாதிரி போடச் சொல்லுங்க. கவுத்துடப் போறாங்க," என்றாள்.

வெள்ளிக்கிழமை முட்டிவலியோடு ஆட்டோவில் வந்தாள். குழாய்க்கு எதிரே, கடைசிப் படியில் உட்கார்ந்தோம். செருப்பைக் கழற்றிவிட்டு ஒவ்வொருவராகக் கல்மேல் நின்று கால் கழுவினார்கள். நான் வாய்க்குள் எண்ணிக்கொண்டிருந்தேன். என் எண்ணிக்கை அவளுக்கு எப்போதும் எரிச்சல்.

"எத்தனை பேர் ஆச்சு?" என்றாள்.

"அம்பத்தெட்டு."

"இருங்க, இன்னும் கொஞ்சம் பாத்துட்டுப் போலாம்."