“நீ என்னத்தத் தொட்ட?”

எங்கள் வீட்டுக் கம்ப்யூட்டருக்குக் கலர் திரை வேண்டுமென்று ஆசைப்பட்டவர் என் கணவர். கிள்ளான் கடைக்காரர் புக்கிட் பெலிம்பிங்கில் இருக்கும் எங்கள் வீட்டுக்கே வந்து, கலர் திரையை வைத்து, அதற்கான புதிய கார்டைக் கம்ப்யூட்டருக்குள் பொருத்திவிட்டு அவசரமாகப் போய்விட்டார். மாலையில் டியூஷன் பிள்ளைகளின் சோதனைத் தாளைத் தட்டச்சு செய்ய உட்கார்ந்தேன். பீப் சத்தம் மட்டும் கேட்டது. திரை கறுப்பாகவே இருந்தது.

கணவர் கேட்ட முதல் கேள்வி, “நீ என்னத்தத் தொட்ட?”

கடைக்காரரும் போனில், “உங்க மிஸஸ் எதையாச்சும் தட்டியிருப்பாங்க லா” என்றாராம். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. தாளைக் கையால் எழுதினேன்.

மறுநாள், உறைகூடப் பிரிக்காமல் கிடந்த விளக்கப் புத்தகத்தைப் படித்தேன். பழைய பச்சை எழுத்துத் திரையை மாற்றினால், உள்ளே இருக்கும் சிறு சுவிட்சுகளையும் கலருக்கு மாற்ற வேண்டுமாம். பிளக்கைப் பிடுங்கி, மூடியைத் திறந்தேன். அவற்றை யாரும் தொடவே இல்லை! பேனா முனையால் தள்ளிவிட்டு மறுபடி போட்டதும் திரை பளிச்சென்று வந்தது.

“சின்ன விஷயம்தானே, இதுக்கா மூஞ்சியத் தூக்கி வச்சிருந்த?” என்றார் கணவர். மன்னிப்பு அவர் வாயிலும் வரவில்லை, கடைக்காரர் வாயிலும் வரவில்லை.

இப்போதெல்லாம் யார் அந்தப் பெட்டியைத் திறந்தாலும், திரையில் எழுத்து வரும்வரை வாசற்கதவைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொள்கிறேன். வராவிட்டால் முதல் கேள்வி என்னுடையது: “நீங்க எதைத் தொடாம விட்டீங்க?”