அப்பா நம்பருக்குப் போன மெசேஜ்

அவள் போன் செய்தபோது, வழக்கம்போல் தனியாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன்.

“அக்கா, ஏன் எங்கப்பா போனுக்கு மெசேஜ் அனுப்புனீக?”

பாலக்காட்டுப் பக்கம் ஒரு பல்கலைக்கழகத்தின் வெப்சைட் பிரிவில் வேலை பார்த்தேன். பாலியல் தொல்லை குறித்துப் புகார் செய்யும் பக்கம் இங்கிலீஷிலும் மலையாளத்திலும்தான் இருந்தது. தமிழிலும் வேண்டும் என்று நச்சரித்தவள் நான்.

செக்‌ஷன் ஆபீசர் பாலக்காட்டுச் சித்தூர்க்காரர். “ஏனுங்க, தமிழ்ல யாருங்க படிக்கப் போறாங்க? சரி, இன்ஸ்பெக்‌ஷனுக்கு முன்னாடி ஏத்திப் போடுங்க.”

ஏற்றினேன். அடியில் உதவிக்கு என் சொந்த நம்பர். புகார் வந்தால், மாணவியின் அட்மிஷன் பதிவிலுள்ள நம்பருக்குத் தானாக எஸ்எம்எஸ் போகும்: ‘பாலியல் தொல்லை குறித்த உங்கள் புகார் ஏற்கப்பட்டது.’ என் நம்பரைப் போட்டு டெஸ்ட் செய்தேன். டக்கென்று வந்தது. பெரிய சாதனை!

பல மாதம் தமிழ்ப் பக்கத்தில் புகார் எண்ணிக்கை பூஜ்யம். புகார்களைப் படிக்க எனக்கு அனுமதி கிடையாது. ஒருநாள் அது ‘ஒன்று’ ஆனது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், சந்தோஷப்பட்டேன்.

அந்த ஒன்றுதான் இவள். மலையில் மாட்டுப்பட்டிப் பக்கத்துத் தேயிலை எஸ்டேட் பெண்.

“அப்பா ஹாஸ்டல்லருந்து கூட்டியாந்துட்டாரு. போனையும் வாங்கி வச்சுக்கிட்டாரு. இது பக்கத்து வீட்டுப் போன். நீங்க இதுல கூப்புடாதீக. நானே கூப்புடுறேன்.”

நானும் பள்ளிவாசல் எஸ்டேட்டில் பிறந்தவள்தான். பிள்ளையிடம் தனி போன் இருந்தாலும் எங்கள் ஆட்கள் காலேஜ் ஃபாரத்தில் எழுதுவது அப்பா நம்பரைத்தான். ஆபீசில் இது தெரிந்திருக்க வேண்டிய ஒரே ஆள் நான். நாற்காலியில் உட்கார்ந்ததும் மறந்துவிட்டேன்.

அட்மிஷன் பதிவிலிருந்த நம்பரில் அவள் அப்பாவைக் கூப்பிட்டேன். “தப்பு என்னோடதுண்ணே. புள்ளய அனுப்பி வைங்க.”

அவர் திட்டியிருந்தால் தேவலை. மெதுவாகத்தான் பேசினார். “அங்க அப்படி நடக்குதுன்னு நீங்கதானம்மா எழுதி அனுப்புனீக? இனி யார நம்பி விடச் சொல்றீக?”



ஆபீசர் ஆறுதல் சொன்னார். “சிஸ்டம் சரியாத்தானுங்க வேலை செஞ்சிருக்கு.”

தானாகப் போகும் மெசேஜை நிறுத்தினேன். ஃபாரத்தின் முதல் கேள்வியை மாற்றினேன்: ‘உங்களிடம் எந்த நம்பரில், எந்த நேரத்தில் பேசலாம்? அல்லது, கூப்பிடவே வேண்டாமா?’ அதற்குப் பிறகு சிலர் எழுதினார்கள். அவள் திரும்பி வரவில்லை; கூப்பிடவும் இல்லை.

இந்த வேலைக்கு வரும் பிள்ளைகளுக்கு ஒன்றுதான் சொல்வேன். டெஸ்ட் மெசேஜ் உங்கள் போனுக்கு வந்துவிட்டது என்று எழுந்துவிடாதீர்கள். அவள் போன் யார் கையில் இருக்கும் என்று கேளுங்கள்.

நான் ஓய்வு பெற்றதும் புகார்ப் பக்கத்திலிருந்து என் நம்பரை எடுத்துவிட்டார்கள். நான் நம்பரை மாற்றவில்லை. வீட்டில் நான் ஒருத்திதான். தெரியாத நம்பர் வந்தால் முதல் மணியிலேயே எடுத்துவிடுகிறேன். பெரும்பாலும் விளம்பரம்.