வெளியே தெரியாத ரத்தம்

கீழ் கோத்தகிரிப் பக்கம் ஓர் எஸ்டேட் ஆஸ்பத்திரியில் நான் நர்ஸ். கூட வேலை பார்த்த சிஸ்டர் லீவில் போய்விட, பத்து நாளாக நான் ஒருத்திதான். அன்று பதினொரு மணிக்கே கால் கடுத்துவிட்டது. அப்போது கொழுந்து பறிக்கும் பெண் ஒருத்தி வந்தாள். முப்பது வயதிருக்கும்.

"தோள்பட்டை வலிக்குதுங்க சிஸ்டர். தலையும் சுத்துது. மாத்திரையும் லீவுச் சீட்டும் குடுங்க, ஊட்டுல போய்ப் படுத்துக்கறேன்."

சுமை தூக்குகிறவளுக்குத் தோள் வலிக்காதா என்று நினைத்தேன். முகத்தைக்கூடச் சரியாகப் பார்க்கவில்லை, அவ்வளவு அலுப்பு. மாத்திரையைக் கொடுக்கும்போது அவள் விரல் என் கையில் பட்டது. சில்லென்று, வேர்த்துப் போயிருந்தது. நாடி பிடித்தேன், எண்ண முடியாத வேகம். பிரஷர் எண்பதுகூட இல்லை.

"தீட்டு எப்ப வந்துது?"

"நாப்பது நாளுக்கு மேல ஆச்சுங்க."

அப்படியானால் கர்ப்பமாக இருக்கலாம். கரு கருப்பைக்கு வராமல் கருக்குழாயிலேயே தங்கி, அந்தக் குழாய் வெடித்தால் ரத்தம் வயிற்றுக்குள் தேங்கும். சிலருக்கு அந்த வலி தோளில்தான் தெரியும்.

படுக்க வைத்துக் காலை உயர்த்தி, இரண்டு கையிலும் டிரிப்ஸ் போட்டேன். எஸ்டேட் டாக்டருக்கும் ஊட்டி ஆஸ்பத்திரிக்கும் அவள் புருஷன் வேலை பார்க்கும் தேயிலை ஃபேக்டரிக்கும் போன் செய்து, கம்பளி போர்த்தி ஜீப்பில் ஏற்றினோம். புருஷன் ஓடி வந்து ஏறிக்கொண்டார். வளைவுகளில் ஜீப் திரும்பத் திரும்ப நான் பாட்டில்களைப் பிடித்தபடி இருந்தேன்.

"ஏனுங்க, போன்ல ஷாக்குன்னு சொன்னீங்களே. எதைப் பாத்துப் பயந்துட்டா?"

"பயமில்லீங்க. உடம்புக்குப் போதுமான ரத்தம் போய்ச் சேரலைன்னா அதையும் ஷாக்குன்னுதான் சொல்லுவோம். இருதயம் ஓய்ஞ்சாலும் வரும், கிருமி ரத்தத்துல பரவுனாலும் வரும், தேனீ கொட்டிக்கூடச் சிலருக்கு வரும். இவங்களுக்கு உள்ளுக்குள்ள ரத்தம் போகுதுங்க."

"அப்ப இந்த டிரிப்ஸ்?"

"போய்ச் சேர்ற வரைக்கும் தாக்குப்பிடிக்க. ரத்தம் ஏத்தி, கசியற எடத்தை அடைச்சாத்தான் சரியாகும்."

அவர் கம்பளிக்குள் கையை விட்டார். மனைவியின் பாதத்தைத் தேய்த்துக்கொண்டே வந்தார்.

அங்கே தயாராக இருந்தார்கள். ரத்தம் ஏற்றிக்கொண்டே ஆபரேஷன் செய்து, வெடித்த குழாயை எடுத்தார்கள். சாயங்காலம் டாக்டர் வெளியே வந்து, "பொழைச்சுக்கிட்டாங்க" என்றார். புருஷன் சுவரைப் பிடித்துக்கொண்டு அழுதார். எனக்கு அழுகை வரவில்லை. பெஞ்சில் உட்கார்ந்து செருப்பைக் கழற்றினேன்.

மூன்று வாரம் கழித்துத் தையலைக் காட்ட வந்தாள். "அன்னிக்கு நீங்க இல்லாட்டி நான் போயிருப்பேனுங்க" என்று என் கையைப் பிடித்தாள். மாத்திரையோடு அனுப்பிவிட இருந்ததை அவளிடம் சொல்ல வாய் வரவில்லை. இன்றுவரை சொல்லவில்லை.