உயரமான கரவான்

எங்கள் வீட்டில் கரவான் கதை தொடங்கியது ஒரு டொக்டரால். அம்மாவுக்கு மருந்து மட்டும் காணாது, எங்கேயாவது காடு, ஏரி என்று கூட்டிக்கொண்டு போங்கள் என்று அவர் சொல்லிவிட்டார். வேறு ஆளென்றால் ஒரு ஞாயிற்றுக்கிழமை பூங்காவுக்குப் போய் வடை தின்றுவிட்டுத் திரும்பியிருக்கும். அப்பாவுக்கு டொக்டர் சொன்னால் சொன்னதுதான். காடென்றால் காடேதான்; அங்கே தங்க, காருக்குப் பின்னால் கட்டி இழுக்கும் வீடாக ஒரு கரவானும் வேண்டும்.

அந்த வசந்தம் முழுக்க அம்மா, கெபெக்கின் பார்க் எக்ஸ்டென்ஷனில் எங்கள் வீட்டுக் குசினி ஜன்னலடியில் தொலைபேசியை மடியில் வைத்தபடி இருந்தார். வன்னியில் போர் கடைசிக் கட்டத்துக்கு வந்திருந்தது. பெரியம்மா, பெரியப்பா, இரண்டு அண்ணாமார் நாலுபேரும் அதற்குள் அகப்பட்டிருந்தார்கள். தை மாதத்துக்குப் பிறகு அவர்களிடமிருந்து ஒரு அழைப்பும் வரவில்லை. அம்மா சமைத்தார், உடுப்புத் தோய்த்தார், எனக்குத் தலை பின்னிவிட்டார். கதைப்பதை மட்டும் நிறுத்திவிட்டார். அம்மா இப்படியே இருந்துவிடுவாரோ என்று அப்பாவுக்கு உள்ளுக்குள் நடுக்கம். எனக்கும் பயம்தான். ஆனால் ஒன்பது வயதில் பயத்தோடு பயமாகக் கரவானுக்கும் ஆசைப்பட முடிந்தது.

அப்பா பேக்கரியில் வேலை செய்தார். அங்கே கூட வேலை செய்த கெபெக்காரர் ஒருவர் காட்டுக்குள் மீன் பிடிக்கப் போகிறவர். தார் ரோட்டு முடிந்தால் பிறகு கல்லும் குழியும் கிடங்கும்தான், சாதாரணக் கரவானைக் கொண்டுபோனால் அடிவயிறு கிழிந்துவிடும், நிலத்திலிருந்து நல்ல உயரமும் பெரிய சில்லும் குலுக்கல் தாங்கத் தடித்த வில்லும் வேண்டும் என்று அவர் அப்பாவின் தலையில் ஏற்றிவிட்டார். இந்த ஊரில் குளிர்காலத்தில் ரோட்டுக்குப் போடும் உப்பு இரும்பைத் தின்னும், அதனால் அடிச்சட்டத்தைத் தட்டிப் பார்க்காமல் வாங்காதே என்றும் சொன்னாராம். அப்பா ஒரு சின்னச் சுத்தியலோடு புறப்பட்டார். வீட்டில் பிரெஞ்சு ஒழுங்காகத் தெரிந்த பெரிய மனுஷி நான் ஒருத்திதான், அதனால் நானும் போனேன். தனியாக விடப் பயந்து அம்மாவையும் பின் சீட்டில் ஏற்றிக்கொண்டோம்.

முதலில் பார்த்தது பூஞ்சணம் பிடித்த கரவான். அப்பா அலுமாரிக்குள் தலையை விட்டு மணந்து பார்த்தார், மூலைக்கு மூலை குதிக்காலால் மிதித்துப் பார்த்தார். பெண் பார்க்கப் போன இடத்தில்கூட மனுஷன் இவ்வளவு துருவியிருக்க மாட்டார். ஓரிடத்தில் பலகை உள்ளே போய்விட்டது. மழைத் தண்ணீர் இறங்கி உளுத்துவிட்டதாம்.

இரண்டாவது புரோசார்ட் என்ற ஊரில். ஐயோ, அதை என்னவென்று சொல்ல! வெள்ளை நிறம், நீலத் திரைச்சீலை, உள்ளே ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு கட்டில், ஏற ஒரு குட்டி ஏணி. மேல்கட்டிலில் ஏறிப் படுத்தவள் இறங்க மாட்டேன் என்று நின்றேன். அப்பா வெளியே முழந்தாளில் இருந்து அடியைப் பார்த்துவிட்டு, “இது நிலத்தோட ஒட்டிக்கொண்டு கிடக்கு. கல்லு ரோட்டுக்குச் சரிவராது” என்றார். வீடு வரும்வரைக்கும் அழுதேன். இரண்டு இடத்திலும் அம்மா காரைவிட்டு இறங்கவில்லை.

மூன்றாவது ஒரு கிழவரின் பண்ணை முற்றத்தில் நின்றது. மண்ணிறக் கோடு போட்ட அவலட்சணம். ஏறுவதற்கே ஒரு பெட்டி வைக்க வேண்டிய உயரம், லொறிச் சில்லுப்போலச் சில்லு. கட்டில் ஒன்றே ஒன்று. அப்பா சுத்தியலால் தட்டிக்கொண்டு போக, கார்க் கதவு திறந்த சத்தம் கேட்டது. அம்மா இறங்கி வந்தார். அப்பாவின் முகம் மலர்ந்ததைப் பார்க்க வேண்டும். “உள்ள வந்து குசினியைப் பாருமப்பா” என்று கதவைத் திறந்து பிடித்தார்.

அம்மா உள்ளே ஏறவில்லை. குனிந்து பார்த்தார். பிறகு, உள்ளதிலேயே நல்ல கோட்டோடு, பனி கரைந்து சேறாய்க் கிடந்த நிலத்தில் தவழ்ந்து கரவானுக்குக் கீழே போய்க் குப்புறப் படுத்துக்கொண்டார்.

“பிள்ளை, இஞ்ச வா. வந்து படு.”

எத்தனையோ கிழமைக்குப் பிறகு அம்மா என்னைக் கூப்பிட்டார். போய்ப் படுத்தேன். அவருடைய கை என் பின்தலையை நிலத்தோடு அமர்த்திப் பிடித்தது. “தலையைத் தூக்காதை” என்றார். சேறு வாய்க்குள் போனது. அப்பாவையும் வரச் சொன்னார். சுத்தியலை வைத்துவிட்டு அவரும் வந்து எனக்கு மற்றப் பக்கத்தில் படுத்தார். அம்மா கையை நீட்டி மிச்ச இடத்தை அளந்தார்.

“இன்னும் நாலு பேர் படுக்கலாம். அக்காவையள் வந்தாலும் காணும்” என்றார்.

இவர்கள் என்ன பார்க்கிறார்கள் என்று கிழவர் குனிந்து என்னைக் கேட்டார். துருப்பிடித்திருக்கா என்று பார்க்கிறார்கள் என்றேன். நானும் அப்படித்தான் நம்பினேன். குடும்பத்தோடு படுத்துத் துருப் பார்க்கிற ஆட்களை இன்றைக்குத்தான் காண்கிறேன் என்று கிழவர் சிரித்தார். அம்மாவும் பெரியம்மாவும் ஊரில் ஷெல் விழும்போதெல்லாம் உழவு மெஷின் இழுக்கிற பெட்டிக்குக் கீழே போய்ப் படுத்துத் தப்பியவர்கள் என்று அப்பா எனக்குச் சொன்னது நான் வளர்ந்து பெரியவளான பிறகு. அன்றைக்கு அவர் அம்மாவின் கோட்டிலிருந்த சேற்றைத் தன் கைலேஞ்சியால் துடைத்துத் துடைத்து அழுதார். நல்ல கோட்டு பழுதாய்ப் போன கவலையாக்கும் என்று நினைத்தேன். அந்தக் கரவானையே வாங்கினோம்.

அதில் ஒரேயொரு முறை ஏரிக்குப் போனோம். பெரியம்மா வீட்டிலிருந்து பிறகும் அழைப்பு வரவில்லை, ஒருநாளும் வரவில்லை.

அன்றைக்கு அதை வாங்கிக்கொண்டு திரும்பி வரும்போது எனக்கு அடக்க முடியாத கோபம். கட்டில் ஒன்றுதானே இருக்கிறது, நாங்கள் படுக்கப் போவது உள்ளேயா கீழேயா என்று அம்மாவிடம் கத்தினேன். அம்மா என் தலைமயிரில் காய்ந்துபோயிருந்த சேற்றை உதிர்த்துக்கொண்டு, ஒரு சின்னப்பிள்ளைக்கு விளங்கப்படுத்துகிற குரலில் சொன்னார்:

“உள்ளுக்குப் படுக்கிறது நித்திரைக்கு, பிள்ளை.”

மனுஷர் வேறு எதற்குப் படுப்பார்கள் என்று எனக்கு விளங்கவில்லை. முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.