சக்கரவர்த்தியின் நத்தைகள்

நத்தைக்கு ஒன்றாக முப்பது சீசாக்களை ஏரிக்கரை வெயிலில் வரிசையாக வைத்துவிட்டு, சக்கரவர்த்தி குந்தியிருக்கிறார். பத்து மணி வெயில் ஏறும்வரை காத்திருப்பார். பிறகு ஒவ்வொன்றையும் கறுப்புத் துணிக்கு எதிரே தூக்கிப் பிடித்து, பூதக்கண்ணாடியால் பார்த்து, புழு தெரிந்தால் நோட்டில் பெருக்கல் குறி, இல்லாவிட்டால் பூஜ்யம் போடுவார். அன்று எத்தனை பேர் குளித்தார்கள், எத்தனை மாடு இறங்கியது என்பதும் அதில் இருக்கும்.

கல்லூரி விலங்கியல் கூடத்தில் உதவியாளர். திருமலைப் பக்கத்துச் சமண நயினார் குடும்பம். பொழுது சாய்ந்தால் சாப்பிடமாட்டார். நத்தையை நசுக்கிப் பார்க்கச் சொன்ன பேராசிரியரிடமே மறுத்துவிட்டவர். "அதெதுக்குங்க நசுக்கணும்? வெயில் ஏறினா உள்ளாற இருக்கிற புழுவ அதுவே கக்கிடும்."

இந்த எண்பத்திரண்டாம் வருஷத்துக் காணும் பொங்கல் நீச்சல் போட்டியில் இறங்கிய இருபது பேருக்கும் உடம்பெல்லாம் தடிப்பு, அரிப்பு. போட்டி நடத்திய மாணிக்கவேல் சாயத்தண்ணீர்மேல் பழி போட்டார். ஏரியோரம் பட்டுக்குச் சாயம் போடும் ஜெயத்தின் பட்டறையைப் பூட்டிவிட வேண்டும் என்றது ஊர்.

பதில் சக்கரவர்த்தியின் நோட்டில் இருந்தது. மாடு குளிப்பாட்டும் துறையில் முப்பது நத்தைக்குப் பதினொன்று புழு கக்கியிருந்தன. மாட்டுச் சாணத்திலிருந்து நத்தைக்கு, நத்தையிலிருந்து குளிப்பவர் தோலுக்கு. சொன்னால் பட்டறை பிழைக்கும். ஆனால் ஏரியில் மயில்துத்தம் கொட்டி நத்தைகளைப் பூண்டோடு அழித்துவிடுவார்கள். மூன்று நாள் வாய் திறக்கவில்லை.

ஜெயமே தேடி வந்தாள். "தெனம் தண்ணியப் பாத்துகினு கீறீங்களே, எங்க சாயத்தாலதானா அண்ணா?"

மறுநாள் ஊர்க்கூட்டத்தில் சொன்னார். கண்ணுக்கே தெரியாத புழுவா என்று சிரித்தார்கள். அவர் வேட்டியை மடித்துக் கட்டினார். சாயவாய்க்கால் ஏரியில் கலக்கும் இடத்தில் இடது காலை ஒரு மணி நேரம் விட்டிருந்தார். பிறகு மாட்டுத்துறையில் வலது காலை. அடுத்த நாள் காலை மாணிக்கவேல் வீட்டு வாசலில் போய் நின்றார். இடது காலில் கிளிப்பச்சைச் சாயம், அவ்வளவுதான். வலது கால் முழங்கால்வரை தடித்துக் கிடந்தது.

மாணிக்கவேல் குனிந்து வெகுநேரம் பார்த்தார். "அப்ப நத்தையெல்லாம் சாவடிச்சிடலாமா?"

"மீனும் சேர்ந்து பூடுங்க. மாட்ட அந்தக் கரைக்கு ஓட்டிகினு போகச் சொல்லுங்க. குளிக்கிறவங்க வெயிலுக்கு முன்னாடியே குளிச்சிட்டு ஜல்தியா தொடச்சிக்கட்டும். ஒரு வருசம் எண்ணிப் பாத்துச் சொல்றேன்."

பட்டறை பூட்டப்படவில்லை. ஊர் கொடுத்த ஒரு வருஷம் வருகிற பொங்கலோடு முடிகிறது. பதினொன்று ஏழாகி, இப்போது நாலு. பூஜ்யத்துக்கு வருமா என்று கேட்டால், தெரியவில்லை என்றுதான் சொல்கிறார்.

எண்ணி முடித்ததும் பூஜ்யம் வாங்கிய நத்தைகளை ஏரியில் விடுகிறார். மற்ற நாலையும் திரும்ப விடவும் முடியாது, கொல்லவும் மனம் வராது. அவற்றுக்கு வீட்டுக் கொல்லையில் ஒரு கல்தொட்டி. தொட்டியருகே உட்கார்ந்து, சிறுகீரையை மண் போக அலசி, ஒவ்வோர் இலையாக நீரில் மிதக்கவிடுகிறார்.