பரசுராமன் ஓட்டிப் பார்த்த மைல்

பரசுராமன் ரங்கூனுக்குக் கப்பலேறியது 1933 ஆகஸ்டு பதினான்காம் தேதி, திங்கட்கிழமை. அதற்கு மூன்று நாள் முன்புதான் என் அண்ணன் தவசிமுத்துவுக்கு ஒன்றரை வருஷக் கடுங்காவல் என்று தீர்ப்பாகியிருந்தது. துறைமுகத்துக்குப் போகிற வழியில் பரசுராமன் ராயபுரத்தில் எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றார். கதவைச் சாத்து என்று அம்மா உள்ளிருந்தே சொன்னாள். நான் ஒரு பக்கக் கதவை மட்டும் சாத்தினேன். தோல் உறை போட்ட ஸ்டீல் டேப் ஒன்றை அவர் என் கையில் வைத்தார்.

"இத்த வச்சுக்க, தங்கச்சி. எனக்கு இனிமே இத்தோட வேலையில்ல."

"எங்களுக்கு மட்டும் இதில என்ன வேலை?" என்றேன்.

தகரப் பெட்டியைத் தோளில் ஏற்றிக்கொண்டு நடந்தார். அப்போது அவருக்கு நாற்பத்தொரு வயது. எங்கள் குடும்பத்தைக் கெடுத்தவர் என்றுதான் அன்று அவரை நினைத்தேன். நான்கு வருஷம் அப்படியே நினைத்துக்கொண்டிருந்தேன்.

அவர் புளியந்தோப்பில் பிறந்தவர். பதினாறு வயதில் பெரம்பூர் ரயில் பட்டறையில் சேர்ந்து இருபத்தி மூன்று வருஷம் அங்கே ஃபிட்டராக இருந்தார். ஆட்குறைப்பில் வேலை போனது. அதற்கு முந்தின வருஷம்தான் மனைவி ராஜாத்தி பிரசவத்தில் போயிருந்தாள். ராயபுரத்தில் அய்யாத்துரை நாடாரின் லாரி ஷெட்டுக்கு வந்தபோது அவரிடம் இருந்தவை ஒரு சாமான் பெட்டியும் இந்த டேப்பும்தான். பட்டறையில் முத்திரை குத்திய அளவுகோல் ஒன்று இருக்குமாம்; அதோடு ஒத்துப் போகாத எதையும் குப்பையில் போட்டுவிடுவார்களாம். அந்தப் பழக்கம் அவரை விடவில்லை. 'சுமார்' என்று யாராவது வாயைத் திறந்தால் போதும்.

"சுமாரா இன்னா சுமாரா? உன் பொண்டாட்டி கைல சுமாரா சோறு போடச் சொல்லிக் கேளேன்" என்பார்.

அய்யாத்துரை நாடார் எண்ணூர் உப்பளங்களிலிருந்து ராயபுரம் கூட்ஸ் ஷெட்டுக்கு உப்பு ஏற்றுகிறவர். தெற்கிலிருந்து வந்த குடும்பம், எங்கள் ஊர்க்காரர். அவருடைய லாரியைத்தான் அண்ணன் ஓட்டினான். உப்பளத்துப் பாதை மணல். பழைய ஒல்லி டயர்கள் அங்கே அச்சு வரைக்கும் புதைந்துவிடும். அந்த வருஷம் மார்ச்சில் நாடார் பெரிய காற்று டயர்கள் வாங்கினார். பரசுராமன் இரண்டு நாளில் மாட்டிவிட்டார். மாட்டியதும் டயரில் சுண்ணாம்புக் கோடு ஒன்று போட்டு, வண்டியை ஷெட்டுத் தரையில் ஒரு சுற்று உருட்டி, டேப்பை வைத்து அளந்தார். பழைய டயர் ஒரு சுற்றுக்கு எட்டடி போனது. புதியது ஒன்பதடி போனது.

"மொதலாளி, மீட்டர மாத்தணும்" என்றார். "அது சக்கரம் எத்தினி சுத்து சுத்துதுன்னுதான் எண்ணும். சக்கரம் பெருசாயிடுச்சின்னு அதுக்குத் தெரியாது. முள்ளு பதினஞ்சுல நிக்கும், வண்டி பதினேழுல போவும்."

வேகம் காட்டும் அந்த மீட்டருக்குள் வேறு பல்சக்கரம் போட வேண்டும். அது சீமையிலிருந்து கப்பலில் வர வேண்டும்.

"மூணு மாசம் ஆகுமாம்லா, மேஸ்திரி" என்றார் நாடார். "அதுவரைக்கும் உப்பு என்ன, நடந்தா வரும்? வேற வழி பாரும்."

வேறு வழி ஒன்று உண்டு. ஓட்டிப் பார்த்து, முள் எவ்வளவு குறைத்துக் காட்டுகிறதோ அதற்குத் தக்கபடி கண்ணாடியின் மேல் சிவப்புப் பெயிண்டில் புதுக்கோடு போட்டுவிடலாம். எண்ணூர் ரோட்டில் ஒன்பதாம் மைல் கல்லுக்கும் பத்தாம் கல்லுக்கும் இடையில் பாதை நேராகப் போகும், வண்டி நடமாட்டம் கிடையாது. முள்ளை மணிக்குப் பதினைந்து மைலில் நிறுத்தி ஓட்டினால் ஒரு மைலுக்கு நான்கு நிமிஷம் ஆக வேண்டும். வண்டி உண்மையில் கூடுதலாக ஓடினால் மூன்றரை நிமிஷத்திலேயே பத்தாம் கல் வந்துவிடும். பெயிண்ட் டப்பாவோடு போனார்கள். அண்ணன் ஓட்டினான், பரசுராமன் கடிகாரத்தைப் பார்த்தார். சரியாக நான்கு நிமிஷம்.

மறுபடி ஓட்டினார்கள். நான்கு நிமிஷம். மூன்றாம் முறையும் அதே.

"மேஸ்திரி, வண்டி பறக்குத மாதிரிலா இருக்கு" என்றான் அண்ணன்.

"உன் காலு இன்னா கடியாரமா? முள்ளப் பாத்து ஓட்டு."

"நீங்க எட்டடி ஒன்பதடின்னு அளந்தீங்களே?"

"அளந்தேன். இந்த மீட்டரு முன்னாடி ஜாஸ்தி காட்டிகினு இருந்துருக்கும். பெரிய டயரு வந்து அத்த நேராக்கிடுச்சி. சர்க்கார் நட்ட கல்லு, தோஸ்து. என் டேப்பு தப்பும், அது தப்பாது."

பெயிண்ட் டப்பாவை அவர் திறக்கவே இல்லை. அதற்கு முன்பெல்லாம் அண்ணன் முள்ளைப் பார்த்து ஓட்டியவன் அல்ல. காற்று முகத்தில் அடிப்பதை வைத்தும் இன்ஜின் சத்தத்தை வைத்தும் ஓட்டினவன். அன்றிலிருந்து முள்ளைப் பார்த்தான்.

மே மாதம் பத்தொன்பதாம் தேதி காலை, உப்பு ஏற்றிய லாரி திருவொற்றியூருக்குள் வந்தது. ஊருக்குள் லாரிக்கு மணிக்குப் பதினைந்து மைல்தான் என்று பலகை இருந்தது. அண்ணனின் முள் பதினைந்தில் நின்றது. காத்திவாக்கத்திலிருந்து இறால் கூடை சுமந்து வந்த தாயம்மா என்கிற பெண், மாட்டு வண்டி ஒன்றுக்கு வழிவிட்டு ரோட்டின் நடுப்பக்கம் ஒதுங்கினாள். அண்ணன் பிரேக்கை மிதித்தான். வண்டி நிற்க வேண்டிய இடத்தைத் தாண்டி நான்கு முழம் போய் நின்றது. அந்த நான்கு முழத்துக்குள் அவள் இருந்தாள்.

போலீஸ் தரப்பில் ஓர் இன்ஜினியர் அதே லாரியைத் துறைமுகத்துக்குள் சங்கிலி பிடித்து அளந்த பாதையில் ஓட்டிப் பார்த்தார். முள் பதினைந்தில் நிற்க, வண்டி பதினேழில் ஓடியது. அண்ணன் தப்புவதற்கு ஒரே வழிதான் இருந்தது: முள் பொய் சொன்னது அவனுக்குத் தெரியாது என்று கோர்ட்டு நம்ப வேண்டும். அதைச் சொல்ல வேண்டியவர் பரசுராமன்.

"எட்டடி ஒன்பதடி ஆனது உனக்குத் தெரியும்?" என்று கேட்டார் சர்க்கார் வக்கீல்.

"தெரியும் சார்."

"அப்படியானால் முள் குறைத்துக் காட்டும் என்றும் தெரியும்?"

"தெரியும் சார். ஓட்டிப் பாத்தோம். கல்லு சரின்னு சொல்லிச்சு சார்."

"கல் சொன்னதா? எந்த பாஷையில் சொன்னது?"

கோர்ட்டே சிரித்தது. இரண்டு பேரும் சேர்ந்து கட்டிய கதை என்றார் வக்கீல். மாஜிஸ்திரேட்டும் அப்படியே எழுதினார். மீட்டரை மாற்றாத முதலாளியைக் காப்பாற்ற மேஸ்திரி பொய் சொல்லி அண்ணனை மாட்டிவிட்டான் என்று எங்கள் தெருவில் பேசிக்கொண்டார்கள். சாட்சி சொன்ன நாளிலிருந்து தீர்ப்பு வரும்வரை அவரால் டீக்கடைப் பக்கம் போக முடியவில்லை.

"இன்னா மாமு, இன்னிக்கு கல்லு இன்னா சொல்லுது? மழை வருமா?"

யார் கேலி பேசினாலும் பதிலுக்கு இரண்டு வார்த்தை கொடுக்கிற மனுஷர், அடுத்த சந்தில் திரும்பிப் போய்விடுவார். இரண்டு முறை டேப்பை எடுத்து ஷெட்டுத் தரையில் அந்த டயரை மறுபடி உருட்டி அளந்தார் என்று பின்னால் கேள்விப்பட்டேன். இரண்டு முறையும் ஒன்பதடிதான் வந்ததாம். தன் கையில் எங்கே தப்பு என்று அவருக்குக் கடைசிவரை தெரியவில்லை. அந்த நிலையில்தான் கப்பலேறினார்.

அண்ணன் ஜெயிலில் பதினோராம் மாதம் வயிற்றுக்கடுப்பில் செத்தான். அம்மா அவனுக்குப் பின் ஆறு வாரம் இருந்தாள். வீட்டில் இருக்க முடியாமல் நான் ஒரு துரை குடும்பத்துக்கு ஆயாவாகச் சேர்ந்து கொழும்பு, பினாங்கு, சிங்கப்பூர் என்று மூன்று வருஷம் சுற்றினேன். 1937 கடைசியில் திரும்பி வந்து, மீனவர் குப்பங்களில் அம்மை குத்துகிற டாக்டரம்மாவுக்குத் துணையாகச் சேர்ந்தேன்.

ஒரு நாள் காத்திவாக்கத்தில் வேலை முடிந்து சைக்கிளோடு ரோட்டுக்கு வந்தேன். பனைமர நிழலில் பத்தாம் கல் நின்றது. இறால் கூடைக்காரிகள் அதன்மேல் கூடையை இறக்கி வைத்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார்கள். கல்லின் தலை வழவழவென்று தேய்ந்து மீன் எண்ணெய் ஏறிக் கறுத்திருந்தது. பக்கத்தில் வலை பின்னிக்கொண்டிருந்தவரிடம், "சர்க்காருக்கு உங்க மேல நல்ல கருணை. நிழல் பார்த்து நட்டிருக்கான்" என்றேன்.

"சர்க்கார் எங்க நட்டான்? நாங்க நட்டது" என்றார் அவர். "ஒரு புயல்ல ரோடு பேந்து கல்லு மணல்ல கெடந்துச்சு. கட்டுமரத்தக் கட்ட ரெண்டு வருசம் வச்சிருந்தோம். அப்பால ரோடு போட வந்தவங்க, கல்லு எங்க இருந்துச்சின்னு கேட்டாங்க. என் பொஞ்சாதிதான், இந்த மரத்தாண்ட இருந்துச்சின்னு சொல்லு, கூடை எறக்கி வைக்கத் தோதா இருக்கும்னா. நாலு பேரு தூக்கியாந்து நட்டோம்."

"அவங்க எங்கே?"

"தாயம்மாவா? திருவொத்தியூராண்ட லாரி ஏறிச் செத்துப்போச்சு. அஞ்சு வருசமாவப் போவுது."

அவர் பெயர் கிருஷ்ணப்பன். நான் யார் என்று அவருக்குச் சொல்லவில்லை. இப்போது அவர் உயிரோடில்லை, அதனால்தான் எழுதுகிறேன்.

மறுநாள் பரசுராமனின் டேப்பை எடுத்துப் போனேன். சைக்கிள் சக்கரத்தை அளந்தேன்: சுற்றுக்கு ஏழடி மூன்று அங்குலம். ஆரக்கம்பியில் சிவப்புத் துணி ஒன்றைக் கட்டி, ஒன்பதாம் கல்லிலிருந்து சைக்கிளைத் தள்ளிக்கொண்டே துணி மேலே வரும்போதெல்லாம் எண்ணினேன். உப்பு வண்டிக்காரன் ஒருவன், "இன்னாம்மா, பஞ்சரா?" என்று கேட்டுவிட்டுப் போனான். எண்ணூற்றுப் பத்தொன்பது சுற்று. மைலுக்கு ஐயாயிரத்து இருநூற்று எண்பது அடிதான் இருக்க வேண்டும். அங்கே அறுநூற்று அறுபது அடி கூடுதலாக இருந்தது, அதாவது ஒரு பர்லாங். நம்பாமல் பத்திலிருந்து பதினொன்றாம் கல் வரை தள்ளினேன். அந்த மைலில் அதே ஒரு பர்லாங் குறைந்தது.

ரோட்டோரத்தில் உட்கார்ந்துவிட்டேன். பரசுராமன் பொய் சொல்லவில்லை. கல் உண்மையிலேயே அப்படித்தான் சொல்லியிருக்கிறது.

ரங்கூனில் அரிசி மில் ஒன்றில் அவர் மூட்டை தூக்குகிறார், கருவி எதையும் தொடுவதில்லை என்று ராயபுரத்துக்காரர் ஒருவர் சொன்னார். அந்த மில் விலாசத்துக்கு எல்லாவற்றையும் எழுதினேன்: கல்லை நட்டது யார், எதற்காக, எத்தனை அடி என்று. கதவைப் பாதி சாத்தியதற்கு மன்னிப்பும் கேட்டிருந்தேன். பதில் வரவில்லை. 1939 நவம்பரில், நான் எதிர்பார்ப்பதையே விட்ட பிறகு, பென்சிலில் எழுதிய தபால் கார்டு ஒன்று வந்தது.

"தங்கச்சிக்கு, உன் காகிதம் மூன்று மில் சுற்றி இப்போதுதான் கைக்கு வந்தது. மைலில் எட்டில் ஒரு பங்கு கூடுதல். டயரிலும் எட்டில் ஒரு பங்கு கூடுதல். ஒன்றை ஒன்று மறைத்துவிட்டது. ஆறு வருஷமாகத் தேடிய கணக்கு. ஆனால் தப்பு கல்லின் மேல் இல்லை. ஒரே மைலை மூன்று தடவை ஓட்டினேன். அடுத்த மைலை ஒரு தடவை ஓட்டியிருந்தால் போதும், தவசி இருந்திருப்பான், அந்தப் பொம்பளையும் இருந்திருப்பாள். டேப் துருப்பிடிக்காமல் எண்ணெய் துடைத்து வை. கிருஷ்ணப்பனிடம் இதைச் சொல்லாதே."