மறுக்காத தரகர்

என்னை ஏழு வீட்டில் வேண்டாம் என்று சொல்லியிருக்கிறார்கள். எட்டாவதாக ஒரு வீட்டுப் படி ஏறுவதில்லை என்று முடிவு செய்த வருடத்தில்தான் போனில் டாங்கிச் சண்டை விளையாட ஆரம்பித்தேன். இரண்டுக்கும் ஏதோ சம்பந்தம் இருக்கிறது என்று அப்போது யாராவது சொல்லியிருந்தால் சிரித்திருப்பேன், அல்லது கத்தியிருப்பேன். எனக்கு இரண்டும் சட்டென்று வரும்.

இருங்காட்டுக்கோட்டையில் ஒரு மாடி அறையில் மூன்று பேர் குடியிருந்தோம். நான் அருப்புக்கோட்டைப் பக்கம். மற்ற இருவரில் ஒருவன் மதுரைக்காரன், இன்னொருவன் திருநெல்வேலிக்காரன். மூவருக்கும் ஒரகடத்தில்தான் வேலை, வேறு வேறு கம்பெனி. எனக்கு முப்பத்தைந்து முடிந்திருந்தது, அவர்கள் என்னைவிட ஏழெட்டு வயது சின்னவர்கள். அதனால் நான் இருவருக்கும் அண்ணன். முதல் ஷிப்ட் வாரத்தில் காலை ஆறு மணிக்கு லைனில் நின்றால் இரண்டரைக்கு விடுவார்கள். கம்பெனி பஸ்ஸில் தூங்கி வழிந்துகொண்டே அறைக்கு வந்து, சாப்பிட்ட கை காய்வதற்குள் போனை எடுத்துவிடுவோம். அறைக்குள் சிக்னல் கிடைக்காது. வெளியே, துணி காயப்போடும் கொடிக்குப் பக்கத்தில் பாயை விரித்து உட்காருவோம்.

விளையாட்டு சிக்கலானது இல்லை. ஏழு டாங்கி இந்தப் பக்கம், ஏழு டாங்கி அந்தப் பக்கம். ஓட்டுகிறவர்கள் எல்லாம் எந்த ஊரிலோ உட்கார்ந்திருக்கிற, முகம் தெரியாத ஆட்கள். பட்டனை அழுத்தியதும் திரையில் ஒரு சக்கரம் சுற்றும். அது சுற்றுகிற நேரத்தில், காத்திருக்கிற கூட்டத்திலிருந்து பதினான்கு பேரைப் பொறுக்கி இரண்டு அணியாகப் பிரிக்கிற வேலை உள்ளே நடக்கும். கனமான வண்டி நம் பக்கம் இரண்டு என்றால் எதிர்ப்பக்கமும் இரண்டு வைக்கும். ஒளிந்திருந்து தூரத்தில் சுடுகிற வண்டி இங்கே ஒன்று என்றால் அங்கேயும் ஒன்று. ஏழாம் லெவல் வண்டியை எட்டாம் லெவலோடு சேர்க்கும், பத்தோடு மோதவிடாது. நண்பர்கள் இருவர் ஜோடியாக வந்தால் எதிரணிக்கும் ஒரு ஜோடியைத் தேடிப் போடப் பார்க்கும்.

இதற்குத் தரகர் என்று பெயர் வைத்தவன் மதுரைக்காரன். ஒருநாள் சக்கரம் நிற்காமல் சுற்றிக்கொண்டே இருந்தபோது, "பொறுங்கண்ணே, தரகர் பொருத்தம் பாத்துக்கிட்டு இருக்காரு" என்றான். அவ்வளவுதான், பெயர் ஒட்டிக்கொண்டது. எதிரணி சம்பந்தி வீடு ஆனது. அணியிலேயே பெரிய லெவல் வண்டி மாப்பிள்ளை. கீழ் லெவலில் வந்து மாட்டிக்கொண்டவன் மாப்பிள்ளைத் தோழன்.

ஜோடியாக இருவர்தான் சேர்ந்து போக முடியும். நாங்கள் மூவர். தம்பிகள் இருவரையும் ஜோடியாக அனுப்பிவிட்டு நான் தனியாகப் பட்டனை அழுத்துவேன். சில நாள் தரகர் என்னைக் கொண்டுபோய் சம்பந்தி வீட்டிலேயே போட்டுவிடும். ஒரே பாயில் முழங்கால் இடிக்க உட்கார்ந்துகொண்டு ஒருவரை ஒருவர் சுடுவோம். "ஏண்ணே, என்னையா சுடுதிய? இப்பத்தான உங்களுக்கு ரசம் ஊத்துனேன்!" என்று திருநெல்வேலிக்காரன் அலறுவான். அவனைச் சுடுவதில் எனக்கு இருந்த சந்தோஷத்தை இப்போது ஒத்துக்கொள்கிறேன்.

ஆனால் எனக்கு அந்த விளையாட்டில் பிடித்தது சுடுவது அல்ல. அந்தச் சக்கரம்தான். அது ஏன் என்று சொல்ல வேண்டுமானால் என் கையைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

இருபத்தாறு வயதில் வலது புறங்கையில் ஒரு வெள்ளைப் புள்ளி விழுந்தது. அடுத்த வருடம் விரல்களுக்கு இறங்கியது, அப்புறம் கழுத்தில் ஒரு கையகலம். வெண்புள்ளி என்று டாக்டர் சொன்னார், ஒட்டாது, உடம்புக்கு ஒரு கெடுதலும் இல்லை என்றார். ஊரில் அதற்கு வேறொரு பெயர் வைத்திருக்கிறார்கள், அதை நான் எழுதமாட்டேன். எங்கள் ஊர்த் தரகர், நிஜத் தரகர், பெண் வீட்டாரிடம் "லேசா தேமல் மாதிரி" என்று சொல்லிவைப்பார். அவர்கள் நேரில் என் கையைப் பார்ப்பார்கள். அதோடு சரி. நீட்டுகிற காப்பி டம்ளர் என் விரலில் படாமல் தட்டோடு நகரும். பொய் சொன்னது தரகர், பொய்யன் மாதிரி தலை குனிந்து உட்கார்ந்திருந்தது நான். ஒருவர்கூட அது என்ன என்று என்னிடம் கேட்டதில்லை. இரண்டு நாள் கழித்து ஜாதகம் பொருந்தவில்லை என்று போன் வரும். ஏழு ஜாதகமுமா பொருந்தாமல் போகும்? ஏழாவது போன் வந்த அன்று அம்மாவிடம், இனி என்னிடம் கல்யாணப் பேச்சு எடுத்தால் தீபாவளிக்குக்கூட ஊருக்கு வரமாட்டேன் என்று கத்திவிட்டேன். அம்மா பேச்சை எடுக்கவே இல்லை. அது இன்னும் வலித்தது.

போனில் இருந்த தரகர் என்னை ஒரு தடவைகூட வேண்டாம் என்று சொன்னதில்லை. பட்டனை அழுத்தினால் அரை நிமிடத்துக்குள் ஆறு பேர் என் பக்கம் நிற்பார்கள். என் வண்டிக்கு ஒரு இடம் இருக்கும். காத்திருக்கிற நேரம் நீண்டால் அதுவே தன் நிபந்தனைகளைக் கொஞ்சம் தளர்த்திக்கொண்டு எப்படியாவது சேர்த்துவிடும். ஒரு கணக்கு நிரலுக்குப் போய் ஒரு மனிதன் நன்றி சொல்வானா? நான் சொல்லியிருக்கிறேன், மனதுக்குள் அல்ல, வாய்விட்டே.

இருந்தாலும் அதோடும் சண்டை வரும். ஒருநாள் வரிசையாக நான்கு ஆட்டம் தோற்றேன். வண்டிகளைப் பார்த்தால் இரண்டு பக்கமும் கச்சிதமான சமம். ஆனால் என் பக்கம் வந்தவர்களில் ஒருவன் ஆட்டம் முழுக்க மூலையில் நின்றான், இன்னொருவன் நேராகப் போய் தண்ணீரில் விழுந்தான்.

"இந்தத் தரகருக்குக் கண்ணு என்ன அவிஞ்சா போச்சு? நாலாவது வாட்டி! எனக்குன்னு எங்கிருந்துதான் பொறுக்கிக்கிட்டு வர்றானோ!" என்று கத்தினேன்.

"விடுங்கண்ணே. அடுத்தது நல்லதா அமையும்" என்றான் மதுரைக்காரன்.

"எனக்கு இனி ஒண்ணும் அமைய வேணாம். போதும்டா சாமி!"

கொடியில் காய்ந்த போர்வைக்கு அந்தப் பக்கம் வீட்டுக்கார அக்கா துணி எடுத்துக்கொண்டிருந்தார். நாங்கள் கவனிக்கவில்லை.

அவர் என்னைவிடப் பத்து வயது பெரியவர். குடும்பமே இந்த ஊர்தான். விவசாயம் பார்த்த நிலம் கம்பெனிகளுக்குப் போன பிறகு மாடி எடுத்து அறைகளை வாடகைக்கு விட்டிருந்தார்கள். கணவர் கம்பெனி பஸ் ஓட்டுகிறார். அக்காவுக்கு எதையும் மெதுவாகச் சொல்லத் தெரியாது, கேட்டதை மனதில் போட்டு வைத்திருக்கவும் தெரியாது. மறுநாளே தம்பிகள் இருவரையும் படிக்கட்டில் நிறுத்தி, "உங்க அண்ணனுக்குப் பொண்ணு பாக்குறாங்களா? தரகர் சரியில்லியா?" என்று கேட்டிருக்கிறார். இந்த இரண்டு பயல்களும் சிரிப்பை அடக்கிக்கொண்டு, "ஆமாக்கா, ரொம்ப மோசமான தரகர். அண்ணன் நொந்துபோய்ட்டாரு" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டார்கள். என்னிடம் மூச்சு விடவில்லை.

நான்கு நாள் கழித்து, வேலை முடிந்து படி ஏறும்போது அக்கா கூப்பிட்டார்.

"தம்பி, ஞாயித்துக்கெழம லீவுதானே? பத்து மணிக்குப் பெரும்புதூர் கோயிலுக்கு வந்துடு. பொண்ணு வூட்ல பேசிட்டேன்."

"எந்தப் பொண்ணுக்கா?"

"நம்ம பின்தெருவுல குடி கீதே, மானாமதுரைப் பக்கத்துப் பொண்ணு. செல்போன் கம்பெனில போர்டு செக் பண்ற வேலை. அம்மாவும் அதுவும் மட்டுந்தான். முப்பத்திரண்டு வயசு, ஒருக்கா நிச்சயம் ஆகி நின்னுபோச்சு."

ஊர், உறவுமுறை, சாதி என்று எல்லாவற்றையும் தம்பிகளிடம் விசாரித்து முடித்திருந்தார். அந்த விஷயத்தில் எங்கள் ஊர்த் தரகரைவிட வேகம். மாடிக்குப் போய் இருவரையும் நான் திட்டிய திட்டு பக்கத்து மாடிவரை கேட்டிருக்கும். திருநெல்வேலிக்காரன் அழுகிற நிலைக்கு வந்துவிட்டான். "வெளாட்டுக்குச் சொன்னோம்ணே. அக்கா நெசமாவே இறங்கிருவாங்கன்னு நெனைக்கல" என்றான். எட்டாவது முறையும் ஒரு பெண் என் கையைப் பார்த்துவிட்டு எழுந்து போவாள், இந்த முறை அது ஊரில் அல்ல, நான் தினமும் நடக்கிற தெருவில் நடக்கும். நான் அறையையே காலி செய்ய வேண்டியிருக்கும். இதுதான் என் மண்டைக்குள் ஓடியது.

உண்மையைச் சொல்லிவிடுவது என்று போனை எடுத்துக்கொண்டு கீழே இறங்கினேன். அக்கா வாசலில் பூண்டு உரித்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் உட்கார்ந்து ஒரு ஆட்டத்தையே ஆடிக்காட்டினேன். இதுதான் தரகர், இதுதான் சம்பந்தி வீடு, இப்படித்தான் சமமாகச் சேர்க்கும், நான் திட்டியது இதைத்தான் என்று விளக்கினேன். பூண்டை வைத்துவிட்டு கவனமாகப் பார்த்தார். கனமான வண்டிகளை இரண்டு பக்கமும் விரல்விட்டு எண்ணினார்.

"சரி, வண்டிக்கு வண்டி சரியா கீது. ஓட்டுறவன் எப்டிப்பட்டவன்னு பாக்காதா இது?"

"இல்லக்கா. வண்டிய மட்டுந்தான் பாக்கும்."

"அப்ப தோக்காம இன்னா பண்ணுவ?" என்று சிரித்துவிட்டு, மறுபடியும் பூண்டை எடுத்தார். "அது வெளையாட்டு, புரிஞ்சிக்கினேன். உனக்குப் பொண்ணு பாக்குறாங்களா இல்லியா?"

"இல்லக்கா. நிறுத்தச் சொல்லிட்டேன்." கையை நீட்டிக் காட்டினேன். வேலையில் கையுறை, வெளியே முழுக்கைச் சட்டை என்று பழகிவிட்ட கை. நானாக ஒருவரிடம் அதை நீட்டியது அதுவே முதல் தடவை.

"இத ரெண்டு வருசமா பாத்துக்கினுதானே கீறேன். அந்தப் பொண்ணுகிட்டயும் சொல்லிட்டேன்."

"என்ன சொன்னீங்க?"

"கைலயும் கழுத்துலயும் வெள்ளை கீது, ஒட்டாதாம். கோவம் வரும், கத்துவான், அஞ்சு நிமிசத்துல அடங்கிடுவான். மோட்டார் போட்டா தொட்டி நெறஞ்சதும் அவனே ஞாபகமா ஓடியாந்து நிறுத்துவான். வேற இன்னா சொல்லணும்?"

எங்கள் ஊர்த் தரகர் என்னைப் பற்றிச் சொன்ன பொய்களில் ஒன்றுகூட இவ்வளவு உயர்வாக இருந்ததில்லை. சம்பளம், சொந்த வீடு, தாத்தா காலத்துப் பெருமை எதுவும் இல்லாமல், இருக்கிறதை இருக்கிறபடி ஒருவர் சொல்லி, அதைக் கேட்ட பிறகும் ஒரு பெண் கோயிலுக்கு வருகிறேன் என்று சொல்லியிருக்கிறாள். அக்காவுக்கு நான் பட்ட நன்றிக்கடன் அந்த வாசலில் ஆரம்பித்தது. வருகிறேன் என்று சொல்லிவிட்டு எழுந்தேன். ஆனால் பயம் போகவில்லை. சொல்லிக் கேட்பது வேறு, கண்ணால் பார்ப்பது வேறு. பார்த்த பிறகுதான் ஏழு வீடும் முகம் மாறியது.

ஞாயிற்றுக்கிழமை தம்பிகள் இருவரும் எனக்குச் சட்டை தேய்த்துக் கொடுத்தார்கள். முழுக்கைச் சட்டை. பாதி வழியில், பஸ்ஸில், என்னவோ தோன்றி இரண்டு கையையும் முழங்கைவரை மடித்துவிட்டுக்கொண்டேன். பார்க்கிறவள் முதலிலேயே பார்த்துவிடட்டும்.

சாமி கும்பிட்டு முடித்ததும் அக்காவும் பெண்ணின் அம்மாவும் மண்டபத்தில் உட்கார்ந்துகொண்டார்கள். நாங்கள் இருவரும் வெளிப் பிராகாரத்தில் மதிலோரமாக நின்று பேசட்டும் என்று விட்டுவிட்டார்கள். மதில் நிழல் ஒரு ஆள் நிற்கிற அகலத்துக்குத்தான் விழுந்திருந்தது. அதில் அவள் நின்றாள். பக்கத்தில் போய் நெருக்கி நிற்பது மரியாதை இல்லை என்று நான் வெயிலில் நின்றேன். சட்டென்று சட்டைக் கையை இறக்கிவிட்டுக்கொள்ளலாமா என்று தவித்தேன். எந்த ஷிப்ட் என்று கேட்டாள், சொன்னேன். அம்மா எங்கே இருக்கிறார்கள் என்று கேட்டாள், சொன்னேன். பேசிக்கொண்டிருக்கும்போதே வலது கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோயிருக்கிறேன், எனக்கே தெரியவில்லை. அவள் பேச்சை நிறுத்திவிட்டு அந்தக் கை போன திசையைப் பார்த்தாள். இதோ, எட்டாவது என்று நினைத்துக்கொண்டேன்.

"வெயில் பட்டா எரியுமா உங்களுக்கு?" என்று கேட்டாள்.

எரியும். வெள்ளை விழுந்த தோல் வெயிலில் சீக்கிரம் எரியும். அதை நான் அம்மாவிடம்கூடச் சொன்னதில்லை, யாரும் கேட்டதில்லை.

"எரியும்" என்றேன்.

"அப்ப இங்குட்டு வாங்க. நிழல்ல நில்லுங்க" என்று சொல்லிவிட்டு, தான் நின்ற இடத்தை விட்டு வெயிலுக்கு வந்து நின்றாள்.

நான் நிழலுக்குப் போனேன். போய் நின்றதும் அழுகை வந்துவிட்டது. பெண் பார்க்க வந்த இடத்தில் மாப்பிள்ளை அழுதால் பார்க்கிறவர்கள் என்ன நினைப்பார்கள்? மதில் பக்கம் திரும்பி, மடித்துவிட்ட சட்டைக் கையாலேயே கண்ணைத் துடைத்தேன். மண்டபத்திலிருந்து அதைப் பார்த்துவிட்ட அக்கா, காரியம் கெட்டது என்று நினைத்து, சுடுகிற கல்லில் வெறுங்காலோடு ஓடி வந்தார்.

"இன்னாடி சொன்ன அந்தப் புள்ளைய? அழுவுது பாரு!"

"ஒண்ணுமே சொல்லலக்கா" என்றாள் அவள், பயந்துபோய். "நிழல்ல நில்லுங்கன்னுதான் சொன்னேன்."